முட்டுச்சந்து

ஸ்கார்வைக் ஃபியோர்டில் நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
பதினான்காம் தொட்டியின் மூடியை சீவர்ட் தூக்க
உள்ளே வெள்ளை வெள்ளையாய்ச் சால்மன்கள்,
ஊறப்போட்டு மறந்த சட்டைகள்போல.

நான்கு வருடத்துக்கு முன்
இவற்றுக்கு ஊசி போட்டவள் நான்.
பட்டாணி அளவு முட்டை.
ஓடு இறுகுமுன் குத்தியாக வேண்டும்.
நாளுக்கு அறுநூறு.
ஜனவரி வரை கழுத்து நேராகவில்லை.

ஊசிக்குள் இரண்டு கத்தரி.
ஒன்று நிறத்தை வெட்ட,
வெட்டு விழுந்ததற்கு வெளியே தெரியும் சாட்சியாக.
மற்றது ஒரு மரபணுவை வெட்ட.
அதற்குப் பெயர் வைத்தவர்கள்
முட்டுச்சந்து என்று வைத்தார்கள்,
அது இல்லாவிட்டால் போய்ச் சேராத
சில செல்களை நினைத்து.

அந்தச் செல்களைச் சொல்ல வேண்டும்.
இதயம் துடிக்குமுன், கண்ணுக்கு இடம் ஒதுக்குமுன்,
தாய் முட்டைக்குள் விட்டுப்போன ஒரு குறிப்பை
இறுகப் பிடித்துக்கொண்டு
விரல்விட்டு எண்ணும் அளவில் ஒதுங்கிக்கொள்பவை.
மற்றவை தோலாகும், துடுப்பாகும், செத்தும் போகும்.
இவை
வேறெதுவும் ஆகிவிடாமல் இருக்கவே பாடுபடும்.
பிறகு நடக்கும்.
இன்னும் கட்டாத வீட்டுக்குக் குடிபோகிறவர்கள்போல,
வழியெல்லாம் ஒரு வாடையை மோந்துகொண்டு.

பதினான்கில் யாரும் குடிவரவில்லை.
வீடு மட்டும் கட்டி முடிந்தது:
நூல்போல ஒரு சூலகம், நூல்போல ஒரு விந்தகம்.

பக்கத்துத் தொட்டிகளில் இலையுதிர்காலம்
உடம்புக்குள் இறங்கிவிட்டது.
ஆண்களுக்குத் தாடை கொக்கியாக,
தோல் பழைய செம்பாக,
தீனியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.
இவை தின்றுகொண்டே இருந்தன.
"இதுகளுக்கு வருஷம் தெரியாது" என்றான் சீவர்ட்.
பழக்கத்தில் ஒன்றின் வயிற்றைக்
கட்டைவிரலால் நீவினான்.
ஒன்றும் வரவில்லை.
தப்பான கதவைத் தட்டியவன்போலக்
கையை எடுத்துக்கொண்டான்.

எதற்கு இதெல்லாம் என்று என் மச்சினி கேட்பாள்.
வலை கிழியும். புயலடிக்கும்.
பண்ணை மீன் ஆறேறிக் காட்டு மீனோடு கூடும்.
ஆறு சொல்லிக்கொடுத்ததை
ஆற்று மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கும்.
தப்பினாலும் கலக்காத மீன்: அதுதான் திட்டம்.

சரி, மலட்டு மீனை யார் பெறுவது?
ஆண்டறிக்கையில் ஒட்னி இதற்கு
"சிறு இடர்ப்பாடு" என்று எழுதினாள்.

அதற்குத்தான் பதினைந்தாம் தொட்டி.
அதே கத்தரிகள். கூடவே
வெட்டிய சொல்லையே கொஞ்சம் சேர்த்து ஊற்றினோம்,
எழுத்தாக இல்லை, வாய்மொழியாக.
சில நாளில் கரைந்துவிடும்.
அதற்குள் செல்கள் போய்ச் சேர்ந்துவிட்டன.
பிள்ளைகளுக்கு அந்தச் சொல் போகாது.
கடன் ஒரு தலைமுறைக்குத்தான்.

இன்று அதில் முதல் பெண்மீனை எடுத்தோம்.
அவளும் வெள்ளை. வயிறு மட்டும் கனம்.
சீவர்ட் நீவ
கிண்ணத்தில் விழுந்தது ஆரஞ்சு நிறத்தில்,
நனைந்த சரளை சரிகிற சத்தத்தோடு.
ஒட்னி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள்.
அது ஏற்கனவே துடைத்துத்தான் இருந்தது.
"ஒன்றரை லிட்டர்" என்று எழுதினேன்.
இத்தனையும்
ஒன்றையும் பெறாமல் இருக்கப் பிறக்கப்போகிறவை.

இரவு சீவர்ட் ஆற்றுக்குப் போனான்.
வருடந்தோறும் போவான்,
நெற்றி விளக்கோடு, வலையோடு, எண்ணிக்கை எடுக்க.
பண்ணை மீன் கண்டால் பிடித்துவிட வேண்டும் என்பது விதி.

காலையில் பலகையில் எழுதியிருந்தது பதினொன்று.
பன்னிரண்டாவதை அவன்
காபி ஆறிய பிறகுதான் சொன்னான்.
தேய்ந்த துடுப்பு, கொழுத்த முதுகு.
எங்கள் தொட்டி மீனில்லை, யாரோ ஒருவர் வலையிலிருந்து வந்தது.
பக்கவாட்டில் படுத்து
வாலால் சரளையைத் தோண்டிக்கொண்டிருந்ததாம்,
பிறந்ததிலிருந்து பார்க்காத ஆற்றில்.

பிடித்தாயா என்றேன்.
"விளக்கில் பாட்டரி தீர்ந்துவிட்டது" என்றான்.
விளக்கு மேசைமேல்தான் இருந்தது.
நான் பொத்தானைத் தொடவில்லை.